வாடைக்காற்றின் வழியே தனுஷ்கோடிக்கு

மார்கழி பிறந்துவிட்டால் வேலந்தாவளத்தில் எல்லோருக்கும் முன்னதாக விழித்துக் கொள்வது காற்றுத்தான். பனந்தோப்புகளில் உலர்ந்த ஓலைகள் இரவெல்லாம் சடசடக்கும். ஓட்டுக் கூரைகளில் தளர்ந்த ஓடுகள் நகரும். வாசலில் இட்ட கோலப்பொடி வெயில் ஏறுமுன் மேற்கே பறந்துவிடும். கோயம்புத்தூர் மாவட்டமும் பாலக்காட்டு மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் உள்ளது அவ்வூர். ஆளுகை கேரளத்தினுடையது, கடைத்தெருவில் பெரிதும் ஒலிப்பதோ தமிழ். அங்கே பிறந்து, இன்று தலைநகரில் மைய அரசின் மொழிபெயர்ப்பாளராகக் காலங்கழிக்கும் நமக்கு, குளிர்காலம் என்றவுடன் நினைவுக்கு வருவது தில்லியின் மூடுபனி அன்று. அந்தக் கிழக்குக் காற்றுத்தான். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் ஒவ்வொருவர்க்கும் இதுபோல் ஊரைக் குறிக்கும் ஓர் அடையாளம் இருக்கும் என்று நம்புகிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய அஞ்சலட்டை உண்டு. எங்கள் பாட்டனாரின் தமையனார் 1937-ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் புறப்பட்டவர். வழியில் தனுஷ்கோடியிலிருந்து அவர் எழுதிய அட்டை அது. "நாளைக் காலையில் கப்பல். இங்கேயும் காற்று நம் ஊர்க் காற்றைப் போலவே அடிக்கிறது. அம்மாவிடம் சொல்லவும்" என்ற மூன்றே வரிகள். அதன் பின்னர் இலங்கையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தனவாம். மூன்றாவது வரவில்லை. அவரும் வரவில்லை. பிள்ளைப் பருவத்தில் அந்த அட்டையைப் படித்தபோது, ஊரை விட்டுப் போகிறவர் தாயைத் தேற்றுவதற்காகச் சொன்ன பேச்சு என்றுதான் எண்ணியிருந்தோம். ஆனால், அந்த நடுவரி உண்மையாக இருக்கக் கூடுமா? கடலே காணாத வேலந்தாவளத்தின் காற்றும், இருபுறமும் கடல் சூழ்ந்த தனுஷ்கோடியின் காற்றும் ஒன்றாகுமா? அண்மையில் ஒரு தை மாதத்து விடுமுறையில் இவ்வினாவுக்கு விடை தேடித் தனுஷ்கோடிக் கரையில் ஒரு பகல் முழுவதும் நடந்தோம். 'நாம்' என்று எழுதினாலும் நடந்தது ஒருவரே. உடன் வந்தவர் எவரும் இலர்.

முதலில் காற்றின் பிறப்பைக் காண்போம். நிலம் விரைவில் சூடேறும், விரைவில் குளிரும். கடல் இரண்டிலும் தாமதம் காட்டும். குளிர்காலத்தில் ஆசியப் பெருநிலம் கடுங்குளிரால் உறையும்போது அதன்மேல் உள்ள காற்றும் குளிர்ந்து கனத்து அழுத்தம் மிகுகிறது. தெற்கே கடலின் மேலுள்ள காற்றோ வெதுவெதுப்பாக இலேசாக இருக்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கிக் காற்று ஓடுவது இயற்கை. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் அக்காற்றைப் பூமியின் சுழற்சி வலப்புறமாக வளைத்துவிடுகிறது. ஆகவே அது வடகிழக்கிலிருந்து வருவதாக நமக்குப் புலப்படுகிறது. வங்கக் கடலைக் கடக்கும்போது நீரை முகந்து கொண்டு, ஐப்பசி கார்த்திகையில் தமிழகக் கரையில் மழையாகப் பொழிகிறது. மழை ஓய்ந்த பின்னும் மார்கழி, தை மாதங்களில் காற்று மட்டும் வீசிக்கொண்டே இருக்கும். இதனையே நம் முன்னோர் வாடை என்றனர். கடற்கரை மக்கள் இன்றும் அப்படியே சொல்கின்றனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து வருவது கச்சான். அலுவலகத்தில் நாம் 'வடகிழக்குப் பருவக்காற்று வலுப்பெற்றது' என்று ஒரு வரி எழுதுவதை, அங்கே 'வாடை இறங்கிவிட்டது' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகின்றனர்.

இனி, வேலந்தாவளத்துக்கு வருவோம். குமரியிலிருந்து வடக்கே நெடுந்தொலைவு சுவர்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி உண்டு. ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அதுவே பாலக்காட்டுக் கணவாய். மலைச்சுவரில் முட்டிய காற்று வேறு வழியின்றி இந்த வாசலை நோக்கித் திரள்கிறது. அகன்ற ஆறு பாலத்தின் கண்களுக்கிடையே புகும்போது விசை கொள்வது போல், காற்றும் அங்கே விசை கொள்கிறது. கணவாய்க்கு மேற்கே திருச்சூர்ப் பக்கத்தில் இதனை விருச்சிகக் காற்று என்பர். விருச்சிகம் என்பது நம் கார்த்திகை. எங்கள் பகுதியின் ஓடைகளும் ஆறுகளும் மேற்கே ஓடிப் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் அரபிக் கடலை அடைகின்றன. குளிர்காலத்துக் காற்றும் அதே திசையில் அரபிக் கடலுக்குப் போகிறது.

தனுஷ்கோடியின் நிலையும் இதற்கு மிக நெருங்கியதே. வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். ஒருபுறம் தென்னிந்திய மலைகள். மறுபுறம் இலங்கையின் நடு மலைகள். இரண்டுக்கும் இடையே பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் கிடக்கின்றன. வாடைக்காற்று இந்த இடைவெளியிலும் நெருக்குண்டு விசை பெற்றுத் தெற்கே பாய்கிறது. பாலக்காட்டில் இருப்பது நிலத்து வாசல். இங்கே இருப்பது கடல் வாசல். வீடு ஒன்று, வாசல் இரண்டு. ஆகவே, தனுஷ்கோடியில் நின்று 'நம் ஊர்க் காற்று' என்று எழுதியவர் தாயைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லவில்லை. வானியல் படியாத அவர், தம் தோலின் மேல் பட்டதை உள்ளவாறே எழுதியிருக்கிறார்.

இதனை நூல்களிலேயே அறிந்து கொள்ளலாமே, நடப்பானேன் என்று சிலர் கேட்கலாம். காற்றும் கடலும் மணலும் ஒன்றையொன்று எவ்வாறு ஆட்டுவிக்கின்றன என்பதைப் படித்து அறிவது வேறு. அவற்றின் நடுவே ஒரு பகல் நடந்து அறிவது வேறு. மேலும், அந்த அஞ்சலட்டை எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவலும் இருந்தது.

இராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே செல்லும் சாலையில் முகுந்தராயர் சத்திரம் என்னும் இடம் உள்ளது. அதுவரைதான் முன்பு சாலை இருந்தது. அப்பால் அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரைக் கிலோமீட்டர்ச் சாலை 2017-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே போக விரும்பியவர்கள் மணலில் உருளும் வாகனங்களை நாடினர், இல்லையேல் நடந்தனர். நாம் சாலை இருந்தும் நடக்க முற்பட்டோம். சத்திரத்தருகே தேநீர் விற்ற அம்மையாரிடம், முனை வரை நடந்து போய் மாலைக்குள் திரும்புவதாகச் சொன்னோம். "தனியாவா போறீங்க? தண்ணி கொண்டு போங்க தம்பி. பொழுது சாயுமுன்னே வந்துடுங்க" என்றார் அவர். தனியே நடக்கப் போகிறவர் முதலிற் செய்ய வேண்டியது இதுவே. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் யாரேனும் ஒருவரிடம் சொல்லி வைப்பது, கையில் உள்ள தொலைபேசியை நம்புவதினும் நல்லது.

தெற்குக் கரையில் இறங்கினோம். கதிரவன் எழுந்து அரை நாழிகை ஆகியிருக்கும். தென்கிழக்கு நோக்கி நடப்பவனுக்கு வாடைக்காற்று இடக் கன்னத்தில் அறையும். ஆனால் வலப்புறத்தில் இருந்த மன்னார் வளைகுடாவோ குளத்து நீர்போல் அடங்கிக் கிடந்தது. இது நமக்கு வியப்பளித்தது. ஏனெனில், தனுஷ்கோடிக்கு வருவோரிடம் வழக்கமாகச் சொல்லப்படுவது வேறு. வடக்கே உள்ள வங்கக் கடல் அமைதியானது, ஆகவே பெண் கடல். தெற்கே உள்ளது ஆர்ப்பரிப்பது, ஆகவே ஆண் கடல் என்பர். அன்று காலை ஆண் கடல் உறங்கிக் கொண்டிருந்தது.

காரணம் எளிது. காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அது முதலில் மோதுவது வடக்குக் கரையில். தெற்குக் கரைக்கு நிலமே காப்பாகிவிடுகிறது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை எழும்புவதற்கு இடமில்லை. கச்சான் வீசும் ஆனி ஆடி மாதங்களில் நிலைமை தலைகீழாகும். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடக்குக் கடல் அடங்கும். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் பெயர்கள் ஆண்டில் பாதிக் காலத்துக்கே பொருந்துவன. அங்கே வாழும் மீனவர்கள் பெயரை நம்பித் தொழில் செய்வதில்லை. வாடைக் காலத்தில் தெற்குக் கடலிலும், கச்சான் காலத்தில் வடக்குக் கடலிலும் தொழிலை மாற்றிக் கொள்கின்றனர்.

கரையோரம் நடப்பதற்கும் ஒரு முறை உண்டு. உலர்ந்த மணலில் கால் புதையும். ஓர் அடி வைத்தால் அரை அடிதான் முன்னேறுவோம். அலை வந்து நனைத்துச் செல்லும் விளிம்பில் மணல் இறுகி இருக்கும். மணற்பொடிகளுக்கிடையே புகுந்த சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பிடிப்பதே இதற்குக் காரணம். நீர் மிகுந்து நிறைந்தாலோ அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும். ஆகவே, நீரிலும் அன்றி வறண்ட மணலிலும் அன்றி, இடையே உள்ள ஈரப்பட்டையே நடப்பவனின் பாதை. அப்பட்டையும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கணுக்கால் மட்டும் களைக்கும். அவ்வப்போது மேலே ஏறி நடப்பது நன்று. மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தால் அதுவே மணலில் நல்ல வேகம்.

சிறிது தொலைவில் கரைவலை இழுத்துக் கொண்டிருந்தனர். வல்லத்தில் சென்று அரைவட்டமாக வலையைக் கடலில் விட்டு வந்து, அதன் இரு முனைகளிலும் உள்ள கயிறுகளை இரண்டு அணியினர் கரையில் நின்று இழுப்பர். இழுக்க இழுக்க இரு அணியினரும் ஒருவரையொருவர் நெருங்கி வருவர்; இறுதியில் மீன் தங்கும் மடி கரையேறும். கரையிலிருந்தே இழுக்கும் தொழில் ஆதலால் அமைதியான கடல் அதற்கு வேண்டும். அன்று வடக்குக் கரையில் இதனைச் செய்ய முடியாது. தென்கரை காப்பாக இருப்பதால் மடி நிறைந்தது. முன்பே நாம் வாசித்தறிந்த காற்றின் கணக்கு, அங்கே துள்ளிய சிறு மீன்களாக மணலில் கிடந்தது.

சாலையைக் கடந்து வடக்கே போனால், சத்திரத்துக்கும் பழைய தனுஷ்கோடி ஊருக்கும் இடையே ஆழமற்ற உப்பங்கழி ஒன்று விரிந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் நிரம்பிய நீர் தை மாதத்தில் மெல்ல வடியத் தொடங்கும். அந்நேரத்தில்தான் பூநாரைகள் அங்கே வந்து இறங்குகின்றன. தமிழ்நாட்டு அரசு 2025-ஆம் ஆண்டில் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தொலைவில் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு வரிசை தெரியவே, சற்று அணுகிக் காண்போம் என்று கழியின் விளிம்பில் கால் வைத்தோம். மேலே வெடித்து உலர்ந்த மண்; இருபது அடி போனதும் வலக்கால் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. இழுத்தால் மற்றக் காலும் இறங்கியது. சுற்றிலும் எவரும் இல்லை; காற்றின் ஓசையில் நம் குரல் நமக்கே கேட்கவில்லை. தனிவழி வந்தது அறிவீனமோ என்று உண்மையாகவே அஞ்சினோம்.

சாலை ஓரமாகத் தலையில் வலைச்சுமையுடன் வந்த முதியவர் ஒருவர் எங்கிருந்தோ கண்டுவிட்டார். ஓடி வரவில்லை, நின்ற இடத்திலிருந்தே இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவினார். "தம்பி! அங்கிட்டுப் போகாதீங்க. மேலே பொருக்கு, உள்ளே உளை. உக்காந்து, பின்னால சாஞ்சு காலை எடுங்க. வந்த தடத்துலேயே திரும்புங்க!" அவ்வாறே சேற்றின் மேல் அமர்ந்து, உடலின் கனத்தைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மீட்டு, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பினோம். நின்றபடி இழுத்தால் உடலின் கனமெல்லாம் ஒற்றைப் பாதத்தில் இறங்கும். சாய்ந்தால் அக்கனம் பரவிவிடும். இவ்விளக்கம் நமக்குப் பிறகுதான் தோன்றியது. "நன்றி ஐயா" என்றோம். "பறவைக்குக் கனம் இல்லை தம்பி; அது நிக்கும். நமக்கு நிக்குமா?" என்று சிரித்தார் அவர்.

சேற்றைக் கழுவ நன்னீர் தேவைப்பட்டது. பழைய ஊரை ஒட்டி மீனவர் குடிசைகள் சில உள்ளன. கடலிலிருந்து கூப்பிடு தொலைவில், மணலில் இரண்டு முழ ஆழத்துக்குத் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு சிறுமி நீர் மொண்டு தந்தாள். குடித்தால் இனிக்கிறது! இருபுறமும் உப்புக் கடல் இருக்க, நடுவே நன்னீர் எவ்வாறு வந்தது? மழைநீர் மணலில் இறங்கிக் கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் கனம் கூடியது. நன்னீர் கனம் குறைந்தது. எண்ணெய் நீரின் மேல் நிற்பது போல் அது மேலே நிற்கிறது. மணலின் நெருக்கத்தால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை அது நிற்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த கணக்கு. ஆசை மிகுந்து ஆழத் தோண்டினாலோ, மிகுதியாக இறைத்தாலோ, கீழிருந்து உப்பு ஏறிவிடும். அவ்வூர் மக்கள் இரண்டு முழத்தோடு நிறுத்திக் கொள்வதன் பொருள் இதுவே.

பழைய தனுஷ்கோடி என்பது இன்று சில சுவர்கள். மாதா கோவிலின் முகப்பு, இரயில் நிலையத்தின் இடிபாடு, தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், அஞ்சல் நிலையம் என்று காட்டப்படும் கூரையற்ற கட்டிடம் ஆகியவை எஞ்சியுள்ளன. பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்களில் காற்றும் உப்பும் துளையிட்டுள்ளன. அஞ்சல் நிலையத்தின் முன் நெடுநேரம் நின்றோம். எங்கள் பெரிய பாட்டனார் எந்தப் பக்கத்தில் நின்று அட்டையைப் பெட்டியில் இட்டாரோ, யாம் அறியோம்.

அவர் காலத்தில் இது உயிரோட்டமுள்ள துறைமுகம். 1914-ஆம் ஆண்டில் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கிற்று. சென்னையில் 'போட் மெயில்' வண்டி ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், அக்கரையில் தலைமன்னாரில் மறுபடியும் இரயில் ஏறினால் கொழும்பு. தோட்டத் தொழிலாளர்களை முதலில் மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று கண்ட பின்னரே அனுப்பினர். முகாமில் நாள்களை எண்ணிக் கழித்து, ஒருவழியாகத் துறைமுகம் வந்து, கப்பலை நோக்கி நின்ற ஆயிரமாயிரம் பேருக்கு இந்த மணல்தான் தாய்நாட்டின் கடைசி நிலம். தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்த நாம் வேண்டும்போது திரும்பும் பயணச்சீட்டு எடுக்கலாம். அவர்களுள் பலர்க்கு அது வாய்க்கவில்லை.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்தத் துறைமுகம் அழிந்தது. தென் அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வழுத்தம் புயலாக முதிர்ந்து, 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. வெறும் காற்று மட்டும் இவ்வளவு கேடு செய்திராது. புயல் தன் முன்னே கடல்நீரைத் திரட்டித் தள்ளும். ஆழ்ந்த கடலில் அந்த நீர் கீழே இறங்கித் திரும்பிவிடும். பாக் விரிகுடாவோ பெரும்பாலும் 13 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. தட்டில் உள்ள நீரை ஒருபுறம் சாய்த்தாற்போல், போக வழியின்றி நீர் கரையேறிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில், நிலையத்தை நெருங்கும் வேளையில் அவ்வெள்ளத்தில் அகப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களுள் ஒருவரும் மீளவில்லை. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசு பின்னர் அறிவித்தது. தண்டவாளம் மீண்டும் அமைக்கப்படவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடி, இலங்கையின் உள்நாட்டுப் போர்ச் சூழலில் 1980களில் நின்றுவிட்டது.

அப்புயல் பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. அதனைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிட்டு, பின்னர் மூன்று மாதமாகக் குறைத்தனர். பணியேற்ற இளம் பொறியாளர் அதனை 46 நாளில் முடித்தார். அவர்தாம் பிற்காலத்தில் கொங்கண் இரயில்பாதையாலும் தில்லி மெட்ரோவாலும் புகழ்பெற்ற இ. ஸ்ரீதரன். பாலக்காட்டு மாவட்டத்தில் பிறந்து, பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியில் பயின்றவர். கணவாய்க் காற்றில் வளர்ந்த ஒருவர், கடல்வாசற் காற்று முறித்த பாலத்தை நிமிர்த்தினார் என்பது எங்கள் பகுதியாருக்குப் பெருமை. அப்பாலத்தின் பணி 2022-இல் முடிந்து, புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. காற்று வரம்பு மீறி வீசினால் பாலத்தில் வண்டியை நிறுத்திவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

பழைய ஊருக்கு அப்பால் நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிறது. நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் அரிச்சல்முனையை அடைந்தோம். அதன் பெயரிலேயே அரிப்பு இருக்கிறது. வாடை ஒரு பக்கம் மணலை அரித்து மறுபக்கம் சேர்க்கும். கச்சான் வந்து அதனைத் திருப்பும். சென்ற ஆண்டு கண்ட முனை இவ்வாண்டு இராது. இரு கடலும் கூடும் அவ்விடத்தில் நீரோட்டம் கடுமையானது. நீந்தத் தெரிந்தவரும் இறங்கலாகாது. அப்பால் கடலில் மணல் தீடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. சேது என்றும் ஆதம் பாலம் என்றும் சொல்லப்படுவது அதுவே. ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 1983-க்குப் பின் போருக்கு அஞ்சியவர்களும், 2022-இல் பொருள் நெருக்கடியால் வாடியவர்களும் இரவுப் படகுகளில் வந்து இறங்கிய கரைகளுள் இதுவும் ஒன்று. ஒரு காலத்தில் நம்மவர் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட வழியிலேயே, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் போன்றோர் உயிர் பிழைக்கத் திரும்பி வந்தனர்.

திரும்பும்போது பழைய ஊர் வரை வடக்குக் கரை வழியே நடந்தோம். சாலைக்கு ஒரு பக்கம் உறங்கும் கடல். மறுபக்கம், ஒரு கல்லெறி தொலைவில், நுரை கக்கிச் சீறும் கடல். பெண் கடல் என்று பெயர் பெற்ற அது அன்று கரையில் வைத்த கற்களின் மேல் ஏறி அடித்தது. காற்று இப்போது வலக் கன்னத்தில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு சிறிது நின்று பார்த்தோம். உப்பின் மணம் ஒன்றை நீக்கிவிட்டால், வேலந்தாவளத்துப் பனந்தோப்பில் நிற்பதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

இவ்வழியே நடக்க விரும்பும் நேயர்களுக்குச் சில சொற்கள். மார்கழிப் பிற்பகுதி முதல் மாசி வரை ஏற்ற காலம். ஆயினும் வானிலை அறிக்கையைக் கேட்ட பின்னரே புறப்படுக. புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் அப்பக்கம் செல்லவே வேண்டா. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். காற்றின் குளிர்ச்சியில் தாகம் தெரியாது, ஆனால் வெயில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். தலைக்குத் துணி கட்டிக் கொள்க; தொப்பி நிற்காது. உப்பங்கழியில் கால் வைக்கற்க. மாலையில் காவலர் அனைவரையும் வெளியேறச் சொல்வர். அதற்கு முன்னரே நகரப் பேருந்து நிற்குமிடத்தை அடைந்துவிடுக. இவை அனைத்திலும் மேலாக, அங்கே வாழ்வோர் சொல்வதைக் கேளுங்கள்.

பொழுது சாயுமுன் சத்திரத்தில் இறங்கி, தேநீர்க்கடை அம்மையாரிடம் திரும்பிவிட்ட செய்தியைச் சொன்னோம். "சேத்துல இறங்கினீங்களாமே" என்றார். செய்தி நமக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது!

மறுநாள் காலையில் இராமேசுவரம் அஞ்சல் நிலையத்தில் ஐம்பது காசு அஞ்சலட்டை ஒன்று வாங்கினோம். தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆயினும் எங்கள் தாயாருக்கு, வேலந்தாவளம் முகவரிக்கு, இவ்வாறு எழுதினோம்: "நேற்றுத் தனுஷ்கோடி சென்றோம். பெரிய தாத்தா எழுதியது உண்மைதான். காற்று நம் ஊர்க் காற்றேதான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறோம்." அட்டை போய்ச் சேர்வதற்கு ஒரு நாள் முன்னதாகவே நாம் வீடு சேர்ந்துவிட்டோம். தபால்காரர் கொண்டுவந்து தந்தபோது தாயார் அதனை இருமுறை படித்துவிட்டு, உள்ளே சென்று, 1937-ஆம் ஆண்டு அட்டை இருக்கும் தகரப் பெட்டியில் அதனோடு சேர்த்து வைத்தார். வெளியே பனையோலைகள் சடசடத்துக் கொண்டிருந்தன.